பொதுப்பணமும் போதனைப்பணியும்: வின்னிபெக் இளைஞர் மையம் எழுப்பிய வினா

சமயம் சார்ந்த ஓர் அமைப்பு இளைஞர்களுக்கென ஒரு மையம் கட்ட முன்வருகிறது. அதற்கு நிலம் வேண்டும், பெருந்தொகை வேண்டும். தன் உறுப்பினர்களின் நன்கொடையோடு நில்லாமல், அரசுக் கருவூலத்தையும் நாடுகிறது. உடனே அப்பகுதி மக்கள் இரண்டு அணிகளாகப் பிரிகின்றனர். பிள்ளைகளுக்கு நன்மை கிடைக்கும்போது கொடுப்பவர் எச்சமயத்தார் என்று பார்ப்பது ஏன் என ஓர் அணி கேட்கிறது. எங்கள் வரிப்பணத்தைக் கொண்டே எங்கள் பிள்ளைகளின் நம்பிக்கையை மாற்றுவதா என மற்றோர் அணி கொதிக்கிறது. இரு வினாக்களிலும் நியாயம் இருப்பதால்தான் இப்பூசல் எங்கு எழுந்தாலும் எளிதில் அடங்குவதில்லை.

கனடா நாட்டின் மானிடோபா மாநிலத் தலைநகரான வின்னிபெக்கில் 2010ஆம் ஆண்டில் எழுந்த இத்தகைய பூசலொன்றை ஈண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். அதில் முஸ்லிம்கள் ஒரு தரப்பினர் அல்லர். நமக்கு நேரடித் தொடர்பில்லாத ஒரு வழக்கில் நீதியின் அளவுகோலைக் கண்டறிவது எளிது. கண்டறிந்த அளவுகோலைப் பின்னர் நம்மீதே வைத்துப் பார்ப்பதுதான் கடினம். இவ்விரண்டையும் செய்ய முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடந்தது என்ன?

வின்னிபெக்கின் மெயின் வீதியும் ஹிக்கின்ஸ் நிழற்சாலையும் சந்திக்கும் இடம், நகரின் ஏழ்மை மிகுந்த வடபகுதிக்கு நுழைவாயில். கனடாவின் பெருநகரங்களுள் பூர்வகுடி மக்கள் மிகுதியாக வாழ்வது வின்னிபெக். அவர்களுள் பெரும்பகுதியினரின் வாழ்விடம் இவ்வட்டாரமும் இதை அடுத்த பகுதிகளும். அச்சந்திப்பில்தான் பூர்வகுடியினரின் ஆன்மிக, பண்பாட்டு நடவடிக்கைகளுக்கான 'தண்டர்பேர்டு இல்லம்' 2000ஆம் ஆண்டு முதல் நிற்கிறது. அதை வடிவமைத்தவர் பூர்வகுடி மரபைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் டக்ளஸ் கார்டினல்.

அந்த இல்லத்துக்கு எதிரே ஓர் இளைஞர் மையம் கட்ட முன்வந்தது 'கிறிஸ்துவுக்காக இளைஞர்' என்னும் பொருள்படும் 'யூத் ஃபார் கிறைஸ்ட்' அமைப்பு. 1940களில் அமெரிக்காவில் தோன்றிய சுவிசேஷ இயக்கம் அது. புகழ்பெற்ற போதகர் பில்லி கிரகாம் அதன் முதல் முழுநேர ஊழியராகப் பணியாற்றினார். சறுக்குப் பலகை விளையாட்டுக்கான உள்ளரங்கு, உடற்பயிற்சிக் கூடம், நடனப் பயிற்சி அறை போன்ற வசதிகள் அடங்கிய அம்மையத்தின் மதிப்பீடு ஒரு கோடி டாலரைத் தாண்டியது. 2008ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் கட்டுமானப் பணிகளுக்கென ஒதுக்கிய ஊக்க நிதியிலிருந்து கனடா நடுவண் அரசு ஏறத்தாழ 32 லட்சம் டாலர் தர இசைந்தது. நகர மன்றமும் தன் பங்காக 20 லட்சம் டாலருக்கு மேற்பட்ட உதவியை அளிக்க 2010 பிப்ரவரியில் பெரும்பான்மை வாக்குகளால் ஒப்புதல் தந்தது.

வாக்கெடுப்புக்கு முன்னரே எதிர்ப்பு வலுத்திருந்தது. பூர்வகுடித் தலைவர்களும் அவ்வட்டார மக்கள் பலரும் எதிர்த்தனர். அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் பாட் மார்ட்டினும் வெளிப்படையாகக் கண்டித்தார். எதிர்ப்பை மீறி மையம் கட்டப்பட்டது, இயங்கவும் தொடங்கியது. எனவே நிகழ்வு முடிந்துவிட்டது எனலாம். ஆனால் அது எழுப்பிய வினா இன்னும் விடை பெறவில்லை.

நினைவின் சுமை

இவ்வெதிர்ப்பை மதக் காழ்ப்பு என்று தள்ளிவிட முடியாது. கனடாவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் நூறாண்டுகளுக்கு மேலாக, பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்துவைக்கும் முறை நடைமுறையில் இருந்தது. ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் அப்பள்ளிகளைக் கடந்து வந்தனர். தாய்மொழி பேசியதற்காக அடிபட்டவர், பெயரிழந்தவர், வீடு திரும்பாமலே மாண்டவர் பலர். ஈண்டு நாம் கருத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அப்பள்ளிகளை நடத்தியவை திருச்சபைகள்; பணம் தந்தது அரசு. கத்தோலிக்க, ஆங்கிலிக்க, ஐக்கிய, பிரெஸ்பிட்டேரியச் சபைகளின் கையும் நடுவண் அரசின் கருவூலமும் இணைந்தே அக்கொடுமையை நிகழ்த்தின. பொதுப்பணம் சமயப்பணியில் சேரும்போது என்ன நேரலாம் என்பதற்கு அம்மக்களிடம் தத்துவ விளக்கம் தேவைப்படவில்லை. தம் பாட்டன் பாட்டியரின் வாழ்வே சான்றாக இருந்தது.

2008 ஜூன் 11 அன்று பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் அதற்காக மன்னிப்புக் கோரினார். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் தன் முதல் தேசிய நிகழ்வை 2010 ஜூனில் நடத்திய இடம் இதே வின்னிபெக் நகரம். நகர மன்றத்தின் வாக்கெடுப்புக்கும் அந்நிகழ்வுக்கும் இடைப்பட்ட காலம் நான்கே மாதம். ஒரு கையால் மன்னிப்பு மடலை நீட்டிய அரசு, மறு கையால் மற்றொரு சமய அமைப்புக்குக் காசோலை எழுதியது என அம்மக்கள் கருதியிருந்தால் அவர்களைக் குறைகூறல் இயலாது.

எனினும், எதிர்த்தோர் வாதத்திலும் ஒரு பலவீனம் உண்டு. 'யூத் ஃபார் கிறைஸ்ட்' அந்த உறைவிடப் பள்ளிகளை நடத்திய அமைப்பன்று. ஒரு சமயத்தாருள் ஒரு பிரிவினர் செய்த குற்றத்தை அச்சமயத்தைச் சேர்ந்த மற்றொரு பிரிவினர்மீது சுமத்துதல் எத்தகைய அநீதி என்பதை, 2001 செப்டம்பருக்குப் பின் உலகெங்கும் அனுபவித்த முஸ்லிம்களைவிட நன்கு அறிந்தவர் யார்? மேலும், பூர்வகுடியினருள் கிறித்தவத்தைத் தம் சொந்த நம்பிக்கையாகக் கொண்டோரும் கணிசமாக உள்ளனர். ஆதலின் வரலாற்று நினைவு எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்கதேயன்றித் தீர்ப்பாகக் கொள்ளத்தக்கதன்று. அரசு விழிப்போடு இருந்திருக்க வேண்டும் என்பதற்கு அந்நினைவு போதுமான சான்று. அவ்வமைப்பு குற்றவாளி என்பதற்கு அது சான்றாகாது.

பழைய வழக்கின் மறுபதிப்பு

வின்னிபெக் நகரத்துக்கு இப்பூசல் புதிதன்று. 1870இல் மானிடோபா மாநிலம் உருவானபோது பிரெஞ்சு மொழி பேசும் கத்தோலிக்கரும் ஆங்கிலம் பேசும் புரோட்டஸ்தாந்தரும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் இருந்தனர். இரு சாராரின் பள்ளிகளுக்கும் பொதுநிதி கிடைத்தது. இருபதாண்டுகளில் குடியேற்றத்தால் புரோட்டஸ்தாந்தர் பெரும்பான்மையினராயினர். 1890இல் இயற்றிய சட்டங்கள் சமயப் பிரிவுப் பள்ளிகளுக்கான பொதுநிதியை நிறுத்தின. ஆனால் எல்லாரும் பொதுப்பள்ளிக்கான வரியைச் செலுத்தியே ஆக வேண்டும்.

ஜான் பாரெட் என்னும் கத்தோலிக்க வரிசெலுத்துநர் வின்னிபெக் நகரத்தின்மீது வழக்குத் தொடுத்தார். 1891இல் கனடா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1892இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றியது. கத்தோலிக்கர் தம் பள்ளியைத் தாமே நடத்திக்கொள்ளத் தடையில்லை, பொதுப்பள்ளிக்கு அவர்களை விரட்டுவது சட்டமன்று, அவர்களின் மனச்சான்று, என்பது அத்தீர்ப்பின் சாரம். இறுதியில் 1896இல் பிரதமர் லோரியேவும் மாநில முதல்வர் கிரீன்வேயும் கண்ட உடன்பாட்டில், பள்ளி நாளின் கடைசி அரை மணி நேரம் சமயப் போதனைக்கு அனுமதிக்கப்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் படிப்பினை ஒன்று: 'பொது' என்னும் சொல் எப்போதும் நடுநிலையான சொல்லன்று. 1890இல் பெரும்பான்மையினரின் பண்பாடே 'பொது' எனப் பெயர் பெற்றது. சிறுபான்மையினரின் கல்வி 'பிரிவு' எனப் பெயர் பெற்றது. 2010இல் வாதங்கள் இடம் மாறின. சுவிசேஷ அமைப்பின் விளையாட்டரங்கு 'பொதுச்சேவை' ஆயிற்று. பூர்வகுடியினரின் ஆன்மிகக் கவலை ஒரு சாராரின் ஆட்சேபம் ஆயிற்று. எது பொது, எது தனி எனப் பெயர் சூட்டும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்பதைக் கேளாமல் இத்தகைய வழக்கைத் தீர்க்கப் புகுவது பயனற்றது.

மூன்று வாதங்கள், மூன்று மறுப்புகள்

மையத்தை ஆதரித்தோரின் முதல் வாதம், 'சேவை சேவைதான். செய்வோரின் சமயம் பொருட்டன்று' என்பது. பசித்தவனுக்குச் சோறிடும்போது இவ்வாதம் முற்றிலும் பொருந்தும். ஆனால் தன் பெயரிலேயே தன் நோக்கத்தை அறிவிக்கும் ஓர் அமைப்புக்கு இதைப் பொருத்துவது அவ்வமைப்பை அவமதிப்பதாகும். இளைஞரைக் கிறிஸ்துவிடம் அழைப்பதே தம் பணி என அவர்கள் ஒளிவின்றிச் சொல்கின்றனர். அந்நேர்மையை நாம் மதிக்கிறோம். அவர்களுக்காக வாதாடிய அரசியலாளரே அந்நோக்கத்தை மூடி மறைத்தனர். அழைப்புப் பணியை வெறும் உடற்பயிற்சியாகக் காட்டுவோர் சமயத்துக்கும் நேர்மையாளர் அல்லர். மக்களுக்கும் நேர்மையாளர் அல்லர்.

இரண்டாவது வாதம், 'கட்டாயம் இல்லை. விரும்பினோர் வரலாம், போதனையை விரும்பாதோர் விளையாடிவிட்டுப் போகலாம்' என்பது. மூவற்றுள் வலுவானது இதுவே. சமயத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை நெறியும் ஆகும். ஆயினும் விருப்பம் என்பது தேர்வுக்கு வழியிருக்கும் இடத்தில்தான் விருப்பமாக இருக்கும். உறைநிலைக்குக் கீழ் 30 பாகை வரை வெப்பம் தாழும் குளிர்காலத்தில், அவ்வட்டாரத்து ஏழைச் சிறுவனுக்குச் சூடான கூரையும் விளையாட்டும் கிடைக்கும் இடம் அது ஒன்றே எனில், அவன் அங்குச் செல்வது எந்த அளவுக்கு விருப்பம்?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்த்த கிளீவ்லாந்து கல்விச் சீட்டு வழக்கில் இதே சிக்கல் எழுந்தது. அரசு தரும் சீட்டைக் கொண்டு பெற்றோர் தாம் விரும்பும் பள்ளியைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆதலால் பணம் சமயப் பள்ளிக்குச் சென்றாலும் அது பெற்றோரின் தேர்வேயன்றி அரசின் செயலன்று என ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். நால்வர் மறுத்தனர். அத்திட்டத்தில் பயன்பெற்ற மாணவருள் 96 விழுக்காட்டினர் சமயப் பள்ளிகளிலேயே சேர்ந்திருந்தனர். வேறு பள்ளிகள் போதிய அளவில் இல்லாதபோது அதைத் தேர்வு என்பது தகுமா என்பது மறுத்தோரின் வினா. நம் கருத்தில், சட்ட நுணுக்கம் எவ்வாறாயினும், அறத்தின் நோக்கில் மறுத்தோரின் வினாவே கூர்மையானது. மாற்று வழியை உண்டாக்காமல் விருப்பத்தைப் பற்றிப் பேசுவது, ஒரே கிணறுள்ள ஊரில் தாகத்தின் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவது போன்றது.

மூன்றாவது வாதம் எதிர்ப்பாளருடையது: 'எந்தச் சமய அமைப்புக்கும் பொதுப்பணத்தில் ஒரு காசும் தரலாகாது.' கேட்பதற்குத் தெளிவாக இருக்கும் இக்கோட்பாடு நடைமுறையில் இரண்டு இடங்களில் இடறுகிறது. முதலாவதாக, கனடா அதைத் தன் கோட்பாடாக ஏற்றதே இல்லை. ஒன்ராறியோ மாநிலத்தில் கத்தோலிக்கப் பள்ளிகள் இன்றும் முழு அரசு நிதியில் இயங்குகின்றன. யூத, முஸ்லிம், இந்துப் பள்ளிகளுக்கு அவ்வுரிமை இல்லை. இது பாரபட்சம் என ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமைக் குழு 1999இல் முடிவு கூறியது. 2007 மாநிலத் தேர்தலில் எல்லாச் சமயப் பள்ளிகளுக்கும் நிதி தருவதாக வாக்களித்த ஜான் டோரியின் கட்சி தோல்வியுற்றது. அவ்வாக்குறுதியே தோல்விக்குப் பெருங்காரணம் எனப் பலரும் கருதினர். ஆக, எவருக்கும் தராதிருத்தலும் இல்லை, எல்லாருக்கும் தருதலும் இல்லை. பழைய ஏற்பாட்டில் இடம் பெற்றோர் பெறுகின்றனர், பின்னர் வந்தோர் வாயிலில் நிற்கின்றனர்.

இரண்டாவதாக, சமயம் சார்ந்தது என்னும் ஒரே காரணத்துக்காக ஓர் அமைப்பை எல்லா உதவியிலிருந்தும் விலக்குவது, சமயமின்மைக்குப் பரிசளிப்பதாக முடியும். மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் ஒரு லுத்தரன் தேவாலயம் தன் மழலையர் பள்ளியின் விளையாட்டுத் தரையைப் பழைய டயர் ரப்பரால் செப்பனிட 2012இல் அரசு மானியம் கோரியது. விண்ணப்பித்த 44 பேருள் தகுதியில் ஐந்தாம் இடம் பெற்றும், தேவாலயம் என்பதால் மறுக்கப்பட்டது. 2017 ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்னும் கணக்கில் அம்மறுப்பு செல்லாது எனத் தீர்த்தது. கீழே விழும் குழந்தையின் முழங்காலுக்குச் சமயம் இல்லை. இதுவரை நமக்கும் உடன்பாடே. ஆனால் 2022இல் அதே நீதிமன்றம், மேன் மாநில வழக்கில், கல்விக் கட்டண உதவித் திட்டத்திலிருந்து சமயப் போதனை நிகழும் பள்ளிகளையும் விலக்கலாகாது என ஆறுக்கு மூன்று என்னும் கணக்கில் தீர்ப்பளித்தது. தரையின் ரப்பரிலிருந்து வகுப்பறையின் போதனைக்கு ஐந்தே ஆண்டுகளில் வந்துசேர்ந்த பயணம் அது. ஒரு வரம்பைக் காரணம் கூறாமல் தளர்த்தினால் அடுத்த வரம்பு தானே சரியும் என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

வக்ஃபும் இர்ஸாதும்

இத்தகைய சிக்கல்களில் நம் ஃபிக்ஹு மரபு என்ன கூறுகிறது என்று கேட்போர் குறைவு. கேட்டால் வியப்புக்குரிய நுட்பங்கள் கிடைக்கின்றன. ஹிஜ்ரி 261இல் மறைந்த ஹனஃபி அறிஞர் இமாம் கஸ்ஸாஃப் (ரஹ்) வக்ஃபுச் சட்டங்களைப் பற்றிய தம் நூலில் ஒரு வினாவை ஆராய்கிறார். முஸ்லிமல்லாத குடிமகன் ஒருவர் தம் சொத்தைத் தம் மக்களுக்கும் பின்னர் ஏழைகளுக்கும் வக்ஃபு செய்து, தம் மக்களுள் இஸ்லாத்தைத் தழுவுவோர் அதில் பயன்பெறலாகாது என நிபந்தனை விதித்தால் அது செல்லுமா? செல்லும் என்கிறார் இமாம். பிற்காலத்தில் தர்ஸூஸி (ரஹ்) இதை வன்மையாக மறுத்தார். இஸ்லாத்தைத் தழுவுவதே உரிமையிழப்புக்குக் காரணமாவதா என்பது அவர் கேள்வி. இப்னுல் ஹுமாம் (ரஹ்) அம்மறுப்பை ஏற்கவில்லை. சொத்துக்குரியவர் பாவமல்லாத வழியில் தம் பொருளைத் தாம் விரும்பும் பிரிவினருக்கு உரித்தாக்கலாம். ஏழைகளுள் ஒரு சாராரைத் தேர்ந்து கொடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு என விளக்கினார். தம் மார்க்கத்துக்கே பாதகமாகத் தோன்றும் நிபந்தனையையும், சொத்து அவருடையது என்னும் ஒரே நியாயத்தால் காத்துநின்ற நீதியுணர்வை என்னென்பது!

ஆனால் அதே மரபு, பைத்துல்மாலிலிருந்து அரசர் ஒதுக்கும் சொத்தை வேறாகப் பார்த்தது. அதற்கு 'இர்ஸாத்' எனப் பெயர். தோற்றத்தில் வக்ஃபு போன்றதே. எனினும் அதற்கு அரசர் விதிக்கும் நிபந்தனைகள் தனியார் வக்ஃபின் நிபந்தனைகளைப் போல் கட்டுப்படுத்துபவை அல்ல என உஸ்மானியப் பேரரசின் ஷைகுல் இஸ்லாம் அபுஸ்ஸுஊத் (ரஹ்) கூறியதை இப்னு ஆபிதீன் (ரஹ்) எடுத்துரைக்கிறார். காரணம் எளியது: அரசர் அப்பொருளுக்குச் சொந்தக்காரர் அல்லர், அது மக்களுடையது. குடிமக்கள்மீது ஆட்சியாளர் மேற்கொள்ளும் எந்நடவடிக்கையும் மக்களின் நலனோடு பிணைந்திருக்க வேண்டும் என்னும் சட்ட விதி ஷாஃபிஈ, ஹனஃபி நூல்கள் இரண்டிலும் உண்டு. உஸ்மானிய 'மஜல்லா' சட்டத் தொகுப்பின் 58ஆம் விதி அதுவே. தள்ளாமையால் இரந்து நின்ற யூத முதியவருக்கு பைத்துல்மாலிலிருந்து உதவுமாறு கலீஃபா உமர் (ரலி) ஆணையிட்டதாக அபூயூஸுஃப் (ரஹ்) தம் 'கிதாபுல் கராஜ்' நூலில் பதிவு செய்துள்ளார். அவ்வுதவிக்கு ஈடாக அம்முதியவரிடம் எந்தப் போதனையும் கேட்கச் சொல்லவில்லை.

இவ்வேறுபாட்டை வின்னிபெக் வழக்கில் பொருத்திப் பார்ப்போம். அந்த அமைப்பு தன் ஆதரவாளரின் நன்கொடையால் மட்டும் மையம் கட்டியிருந்தால், அதன் நோக்கத்தையும் நிபந்தனைகளையும் வினவ அயலாருக்கு உரிமை குறைவு; விரும்பாதோர் விலகியிருக்கலாம். அது கஸ்ஸாஃப் இமாம் காத்த உரிமை. கருவூலப் பணம் கலந்த அக்கணமே அவ்விடம் இர்ஸாதின் தன்மையைப் பெறுகிறது. அங்கு மக்களும் ஒரு பங்காளி. அவர்களின் நலன் யாது என்பதை அவர்களையே கேட்டு அறிய வேண்டும். எங்களைக் கலந்துகொள்ளவில்லை என்பதே பூர்வகுடியினரின் முறையீடு. நகர மன்றத்தின் முதன்மையான பிழையும் இதுவே என நாம் கருதுகிறோம். கிறித்தவ அமைப்புக்குக் கொடுத்தது அன்று பிழை. எவருக்கான நன்மையோ அவர்களை விலக்கிவைத்துவிட்டு நன்மையை நிர்ணயித்ததே பிழை.

நம்மீது வைக்கும் அளவுகோல்

இப்போது கண்ணாடியைத் திருப்புவோம். அதே 2010ஆம் ஆண்டில் நியூயார்க்கின் கீழ் மன்ஹாட்டன் பகுதியில் 'பார்க்51' என்னும் முஸ்லிம் சமூக மையத் திட்டம் பெரும் புயலைக் கிளப்பியது. நீச்சல் குளம், கலையரங்கு, தொழுகைக் கூடம் முதலியன கொண்ட அத்திட்டத்துக்கு யூத சமூகத்தின் '92ஆம் வீதி ஒய்' மையமே முன்மாதிரி. அவ்வட்டாரச் சமூகக் குழு 2010 மே மாதத்தில் 29க்கு 1 என்னும் வாக்குகளால் ஆதரவு தெரிவித்தது. பத்துப் பேர் வாக்களிக்கவில்லை. அதுவரை தனியார் பணத்தில் தனியார் நிலத்தில் அமையவிருந்த மையம். அதை எதிர்த்தோரிடம் நியாயம் இல்லை. ஆனால் அவ்வாண்டு நவம்பரில் திட்ட அமைப்பாளர், 2001 தாக்குதலுக்குப் பின் அப்பகுதியைச் சீரமைக்க ஏற்படுத்திய பொதுநிதியிலிருந்து 50 லட்சம் டாலர் கோரினர். சமூகப் பணிகளுக்கே அது என விளக்கமும் தந்தனர். எதிர்ப்பு மீண்டும் கிளம்பியது. அந்த மையம் இறுதியில் எழவில்லை. அங்கு உயர்ந்தது அடுக்குமாடிக் குடியிருப்பு.

வின்னிபெக்கில் எதிர்ப்பாளரின் பக்கம் நியாயம் கண்ட முஸ்லிம் வாசகர், மன்ஹாட்டனில் விண்ணப்பதாரரின் பக்கம் சாய்வது இயல்பு. ஆனால் அளவுகோல் ஆளைப் பார்த்து நீளவும் குறுகவும் கூடாது. அங்குக் கேட்ட வினாக்களையே இங்கும் கேட்க வேண்டும்: அப்பகுதி மக்கள் கலந்துகொள்ளப்பட்டனரா? போதனைக்கும் சேவைக்கும் கணக்கு வேறாக இருக்கிறதா? மறுப்போருக்கு மாற்று வழி உண்டா? முதல் வினாவில் பார்க்51 வின்னிபெக்கைவிட மேலான நிலையில் இருந்தது. மற்ற இரண்டும் எம்மதத்தார்க்கும் பொதுவானவை.

அரசுப் பணத்துக்கு விலையும் உண்டு. 2018இல் கனடா அரசு, இளைஞர்களுக்கான கோடைக்கால வேலைத் திட்டத்தில் மானியம் பெறும் அமைப்புகள், கருக்கலைப்பு உரிமை உள்ளிட்ட சிலவற்றை மதிப்பதாக உறுதிமொழி தர வேண்டும் என்றது. கிறித்தவ, யூத, முஸ்லிம் தலைவர்கள் ஒன்றுகூடி எதிர்த்தனர். அடுத்த ஆண்டு அவ்வாசகம் மாற்றப்பட்டது. கருவூலம் திறக்கும்போது அதன் நிபந்தனையும் உள்ளே நுழைகிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'இஹ்யா'வில் ஹலால், ஹராம் பற்றிய பகுதியில் ஆட்சியாளரின் கொடையை ஏற்பது குறித்து இத்துணை விரிவாக ஆராய்ந்தது வீணன்று.

நம் நாட்டு அனுபவமும் இதற்குச் சான்று. முழுவதும் அரசு நிதியில் இயங்கும் கல்வி நிலையத்தில் சமயப் போதனை கூடாது. அரசு உதவி பெறும் நிலையத்தில் ஒருவரின் இசைவின்றி, அவர் சிறுவராயின் காப்பாளரின் இசைவின்றி, சமயப் போதனையில் பங்குகொள்ளுமாறு கட்டாயப்படுத்தலாகாது என்பது அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு. ஹஜ் மானியத்தை நினைவுகூர்வோம். 2011இல் உச்ச நீதிமன்றம் அது அரசியல் சட்டத்துக்கு முரணன்று எனத் தீர்த்தது. 2012 மே மாதத்தில் மற்றோர் அமர்வு பத்தாண்டுகளில் அதைப் படிப்படியாக நிறுத்துமாறு பணித்தது. 2018இல் அது முடிவுற்றது. வசதி பெற்றோர்க்கே கடமையான ஓர் இபாதத்துக்கு அரசின் பணம் எதற்கு என உலமாக்கள் பலரும் முன்பே கேட்டிருந்தனர். விமான நிறுவனத்துக்குச் சென்ற பணத்துக்காகச் சமுதாயம் 'சலுகை பெறுவோர்' என்னும் பழியைப் பல்லாண்டுகள் சுமந்தது. மானியம் நின்ற பின்னர் ஹஜ் நின்றுவிடவில்லை.

முடிவாக

சமய அமைப்புகளின் கை படாத சமூகப் பணி என்பது வரலாற்றில் எங்கும் இருந்ததில்லை. 1844இல் இலண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் விளையாட்டுத் திடல்களில் ஓடி வளர்ந்தோருள் எல்லாச் சமயத்தாரும் உண்டு, சென்னைவாசிகளும் உண்டு. ஆதலின் சமய அமைப்பு என்றாலே கதவடைக்க வேண்டும் என்பதை நாம் ஏற்கவில்லை. சேவை என்றாலே கருவூலத்தைத் திறந்துவிட வேண்டும் என்பதையும் ஏற்கவில்லை. போதனையின் செலவைப் போதிப்போரே ஏற்க வேண்டும். பொதுப்பணம் சென்ற இடத்தில் பொதுமக்களுக்குப் பேச இடம் வேண்டும். ஒரே கதவை மட்டும் திறந்துவைத்துவிட்டு நுழைவோரை விருப்பத்தால் வந்தோர் என்னலாகாது. இம்மூன்றும் காக்கப்பட்டால் கொடுப்பவர் எச்சமயத்தார் என்னும் கேள்வி தன் கூர்மையை இழந்துவிடும்.

கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் அளித்த 94 பரிந்துரைகளுள் 66ஆவது, சமூகத்தினரே நடத்தும் இளைஞர் அமைப்புகளுக்குப் பல்லாண்டு நிதி தர வேண்டும் என்பது. வின்னிபெக் பூசலுக்கான விடை அதில் பாதியளவு அடங்கியுள்ளது. தெருவின் ஒருபுறம் சுவிசேஷ அமைப்பின் அரங்கு நிற்கட்டும். மறுபுறம் அம்மக்களே நடத்தும் அரங்கும் அதே தரத்தில் நிற்கட்டும். அப்போது ஒரு சிறுவன் எந்தப் பக்கம் சாலையைக் கடந்தாலும் அது அவனுடைய விருப்பமாக இருக்கும். மறுபாதி விடை, அழைப்புப் பணி செய்வோரின் கையில் உள்ளது, அவர்கள் எச்சமயத்தாராயினும். சத்தியம் என்று தாம் நம்புவதைப் பிறருடைய பணத்தில் பரப்ப நேரும்போது, அந்நம்பிக்கைக்குத் தம் சொந்தப் பொருளைத் தரும் துணிவு தம்மிடம் ஏன் இல்லை என்று அவர்கள் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். நம் பள்ளிவாசல்களையும் மத்ரஸாக்களையும் எழுப்பிய முன்னோர் பலர் தம் தோப்பையும் வயலையும் எழுதிவைத்துவிட்டுத்தான் பிறரை அழைத்தனர்.